பழைய கணிப்பொறியும் புதிய கோப்புச் சர்வரும்

ஆய்வுக்கூடம் ஒன்றில் மண் மாதிரிகளின் சத்துக்களை அளவிடும் கருவி ஒன்று உள்ளது எனக் கொள்க. கருவி நல்ல நிலையிலேயே இருக்கிறது; செம்மையாகப் பேணினால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியது. ஆனால் அதனை இயக்கும் கணிப்பொறி விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. கருவியுடன் வந்த மென்பொருள் பிற்காலப் பதிப்புகளில் இயங்குவதில்லை. கருவியைச் செய்தவர்கள் அம்மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. அன்றாடம் கிடைக்கும் அளவுகளை இக்கணிப்பொறி அலுவலகத்தின் கோப்புச் சர்வரிலுள்ள ஒரு பொதுக் கோப்புறையில் எழுதி வந்தது. ஒரு சனிக்கிழமையன்று பழைய சர்வர் அகற்றப்பட்டுப் புதியது நிறுவப்பட்டது. திங்கட்கிழமை காலையில் கருவி அளக்கிறது. அளவுகள் சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. ‘வலையமைப்புப் பாதை காணப்படவில்லை’ என்னும் செய்தி மட்டும் திரையில் நிற்கிறது.

இதன் பின்னர் நிகழ்வது பெரும்பாலும் எல்லா இடங்களிலும் ஒன்றே. கம்பி மாற்றப்படும். சுவிட்சு அணைக்கப்பட்டு மீண்டும் ஏற்றப்படும். கடவுச்சொல் மும்முறை மாற்றப்படும். இறுதியில் யாரேனும் ஒருவர் புதிய சர்வரின் காப்புகள் அனைத்தையும் தளர்த்திவிடுவார். உடனே வேலை நடக்கத் தொடங்கும். அத்துடன் அச்செய்தி மறக்கப்படும். கோளாறு தீர்ந்ததுபோலத் தோன்றும் இம்முடிவே அக்கோளாற்றைவிடக் கேடு மிக்கது. ஏன் என்பது விளங்க வேண்டுமாயின், இரு பொறிகளும் ஒன்றோடொன்று எவ்வாறு பேசுகின்றன என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

பொறிகள் பேசும் மொழி

கோப்புகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பிற பொறிகளுக்கு வழங்கும் கணிப்பொறி சர்வர் எனப்படும். கேட்டுப் பெறும் பொறி கிளையண்ட் எனப்படும். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இவற்றிடையே பெருவழக்காய் உள்ளது ‘சர்வர் மெசேஜ் பிளாக்’, சுருக்கமாக எஸ்.எம்.பி., என்னும் நெறிமுறையாகும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் இதனை வகுத்தார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதனை விரிவாக்கித் தன் விண்டோஸ் தொகுதிகளில் சேர்த்துக்கொண்டது. 1992-ஆம் ஆண்டு வாக்கில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் பயின்று வந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர், கம்பியில் செல்லும் செய்திகளை உற்று நோக்கியே இம்மொழியைக் கற்று, யூனிக்ஸ் பொறிகளும் இதனைப் பேசுமாறு ஒரு மென்பொருளை எழுதினார். எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் அமைந்த சொல்லைக் கணிப்பொறியின் சொற்பட்டியலில் தேடி அதற்குச் ‘சாம்பா’ என்று பெயரிட்டார். இன்று லினக்ஸ் சர்வர்களிலும், ‘நாஸ்’ என்ற பெயரில் கடைகளில் விற்கும் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றிலும் உள்ளிருந்து பேசுவது சாம்பாவே.

ஒரே மொழிக்குள் வட்டார வழக்குகள் பல இருப்பதுபோல எஸ்.எம்.பி.க்கும் கிளைமொழிகள் உண்டு. முதலாம் தலைமுறைக் கிளைமொழி விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் சர்வர் 2003 ஆகியவை வரை வழங்கியது. எக்ஸ்பி இதனையன்றி வேறொன்றும் அறியாது. 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டாவுடன் 2.0, 2009-இல் விண்டோஸ் 7-உடன் 2.1, 2012-இல் விண்டோஸ் 8-உடன் 3.0, 2015-இல் விண்டோஸ் 10-உடன் 3.1.1 என அடுத்தடுத்த கிளைமொழிகள் தோன்றின. முதலாம் தலைமுறையில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டளைகள் குவிந்திருந்தன. இரண்டாம் தலைமுறையில் அவை பத்தொன்பதாகக் குறைக்கப்பட்டன. ஆதலின் இரண்டாவது, முதலாவதற்குப் பூசிய புதுப்பூச்சு எனக் கருதத் தக்கதன்று. அடிப்படையிலிருந்தே கட்டிய வேறு வீடு.

இப்பட்டியலிலிருந்து ஆசிரியர்களுக்கு உடனே பயன்படும் ஒரு செய்தி உண்டு. பள்ளிக் கணிப்பொறிக் கூடங்களில் உள்ள விண்டோஸ் 7 பொறிகள் வேறு காரணங்களால் பழையவையே; அவற்றிற்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. ஆயினும் அவை 2.1 அறிந்தவை. புதிய சாம்பா சர்வரோடு அவை பேசவில்லையாயின், பழமையின்மேல் பழியைப் போட்டுவிட்டு அமர்தல் தகாது. காரணம் வேறிடத்தில் இருக்கும். விதிவிலக்கு ஒன்றே: சர்வரில் குறிப்பிட்ட கோப்புறைக்கு மறையாக்கம் கட்டாயமாக்கப்பட்டிருந்தால், அவ்வசதி 3.0-இல்தான் தோன்றியதாகையால் விண்டோஸ் 7 வெளியே நிற்கும்.

இணைப்பின் முதற்பேச்சு இவ்வாறு நிகழும். கிளையண்ட் தான் அறிந்த கிளைமொழிகளின் பட்டியலை அனுப்பும். சர்வர் அவற்றுள் தானும் அறிந்த, தனக்கு அனுமதிக்கப்பட்ட, மிக உயர்ந்த ஒன்றைத் தேர்ந்து விடையிறுக்கும். பொதுவான ஒன்று இல்லையேல், சர்வர் ‘இல்லை’ எனச் சொல்லலாம். ஒன்றும் சொல்லாது இணைப்பை அறுத்தும் விடலாம். பழைய பொறிக்கு இவ்விரண்டின் பொருளும் விளங்குவதில்லை. தன்னிடமுள்ள பழைய செய்திகளுள் அருகிலுள்ளதை எடுத்துப் ‘பாதை காணப்படவில்லை’ என்றோ ‘வலையமைப்புப் பெயர் இனி இல்லை’ என்றோ காட்டிவிடும். கம்பியையும் சுவிட்சையும் நோக்கி ஊழியரை ஓடச் செய்வது இச்செய்தியே. உண்மையில் பாதை இருக்கிறது, கதவைத் தட்டியதும் சர்வர் கேட்டது, ஏற்க மறுத்தது.

கதவு ஏன் அடைக்கப்பட்டது

2017 மார்ச்சு 14 அன்று, விண்டோஸிலுள்ள முதலாம் தலைமுறை எஸ்.எம்.பி. பகுதியின் கொடிய பிழை ஒன்றிற்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அத்திருத்தத்தை ஏற்றாத பொறிகள் உலகெங்கும் ஏராளமாக இருந்தன. மே 12 அன்று ‘வானாகிரை’ என்னும் தீநிரல் அப்பிழையின் வழியே பரவியது. எவரும் எதையும் திறக்கவோ அழுத்தவோ தேவையில்லை. ஒரு பொறியில் புகுந்தால் அதே வலையமைப்பிலுள்ள அடுத்த பொறிக்குத் தானே தாவி, கோப்புகளைப் பூட்டி, மீட்புப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துவிட்ட எக்ஸ்பிக்கும் சிறப்புத் திருத்தம் வெளியிட வேண்டிய நிலை மைக்ரோசாஃப்டுக்கு ஏற்பட்டது.

அப்பிழை திருத்தப்பட்டுவிட்டதே, இனி அச்சம் என்ன என்று கேட்கலாம். முதலாம் தலைமுறையில் விண்டோஸ் பொறிகளிடையே செல்லும் கோப்புகள் மறையாக்கப்படுவதில்லை. கம்பியில் காது வைப்பவன் அனைத்தையும் படிக்கலாம். இடையே புகுந்து இரு பொறிகளையும் தாழ்ந்த கிளைமொழிக்கு இறக்குவோனைக் கண்டறியும் ஏற்பாடும் அதில் இல்லை, அது 3.0-இல்தான் வந்தது. எனவே தயாரிப்பாளர் அனைவரும் இதனைக் கைவிடத் தொடங்கினர். 2017-இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல், புதிதாக நிறுவும்பொழுது முதலாம் தலைமுறைச் சர்வர் பகுதி சேர்வதில்லை. 2019 செப்டம்பரில் வெளியான சாம்பா 4.11, தானாக ஏற்கும் மிகத் தாழ்ந்த கிளைமொழியை 2.0 தலைமுறைக்கு உயர்த்தியது. மேற்சொன்ன ஆய்வுக்கூடத்தில் சனிக்கிழமை இரவு மாறியது இவ்வொன்றே. பழைய சர்வரில் 4.11-க்கு முந்திய பதிப்பு இருந்தது. புதியதில் பிந்தியது வந்தது.

எந்தப் படியில் தடை

நோய் எங்கே என்று அறியாமல் மருந்து கொடுத்தல் ஆகாது. ஒரு கோப்பைத் திறப்பதற்குள் பழைய பொறி பல படிகளைக் கடக்க வேண்டும்: சர்வரைச் சென்றடைதல், பெயரைக் கொண்டு அதனை இனங்காணுதல், கிளைமொழியில் ஒத்துக்கொள்ளுதல், கடவுச்சொல்லை மெய்ப்பித்தல், கோப்புறையில் நுழையும் உரிமை பெறுதல், கோப்பின் பெயரையும் அளவையும் புரிந்துகொள்ளுதல். தடை எந்தப் படியில் என்பதைக் கண்டுவிட்டால் வேலையில் பாதி முடிந்தது.

கருவிகள் ஏதுமின்றிச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பழைய பொறியிலிருந்து கம்பியைக் கழற்றி, அதே கம்பியில் புதிய மடிக்கணிப்பொறி ஒன்றை மாட்டி, அதே கோப்புறையைத் திறக்க முயல்க. திறந்தால் கம்பி, சுவிட்சு, சர்வர் ஆகிய மூன்றும் குற்றமற்றவை என்பது அந்நொடியே தெளிவாகும். அரை நாள் வீணாவதை இச்சோதனை தடுக்கும்.

அடுத்து, சர்வரின் பெயரை விட்டு அதன் ஐ.பி. எண்ணைக் கொண்டு அழைக்க வேண்டும். எண்ணால் திறந்து பெயரால் திறக்கவில்லையெனில் குறை பெயரறிதலில் உள்ளது. ‘நெட்வொர்க்’ சாளரத்துப் பட்டியலில் சர்வரின் பெயர் தோன்றாமையை மட்டும் கொண்டு இணைப்பு இல்லை என முடிவு செய்தல் பெரும் பிழையாகும். அப்பட்டியலைத் தொகுத்து வந்த பழைய ஏற்பாடு முதலாம் தலைமுறையோடு பிணைந்தது. அதனை நீக்கியதும் பட்டியல் வெறுமையாகும். புதிய விண்டோஸ் வேறொரு முறையில் பட்டியலைத் தொகுக்கிறது. சாம்பா அம்முறையைத் தானாகப் பேசுவதில்லை. அதற்கெனத் தனி உதவி நிரல் ஒன்றை நிறுவ வேண்டும். பெயர் பட்டியலில் இல்லாவிடினும், முகவரியைத் தட்டச்சு செய்தால் கோப்புறை திறந்துவிடும்.

மூன்றாவதாக, ‘போர்ட்’ எனப்படும் வாயில்களைச் சோதித்தல் வேண்டும். விண்டோஸ் 2000 முதல் எஸ்.எம்.பி. நேரே 445-ஆம் வாயிலில் பேசுகிறது. அதற்கு முந்தியவை 139-ஆம் வாயிலை நாடின. எக்ஸ்பியிலுள்ள ‘டெல்நெட்’ கட்டளையால் சர்வரின் 445-ஆம் வாயிலைத் தட்டிப் பார்க்கலாம். வாயில் திறந்திருந்தும் ‘பாதை காணப்படவில்லை’ என்ற செய்தி வருமாயின், தடை கிளைமொழியில் என்று பெரும்பாலும் துணியலாம். வாயிலே மூடியிருந்தால் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும்.

சாளரங்களில் தோன்றும் செய்திகளைவிடக் கட்டளை வரியில் ‘நெட் யூஸ்’ தரும் பிழை எண் நம்பத்தக்கது. அதனைத் தாளில் குறித்துக்கொள்ளுதல் நன்று. 53 என்பது பாதை காணாமை. 64 என்பது இணைப்பு இடையில் அறுந்தமை. இவ்விரண்டும் கிளைமொழித் தடையில் அடிக்கடி தோன்றுவன. 1326 என்பது பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படாமை. கிளைமொழிப் படியைக் கடந்தாயிற்று என்பதற்கு இதுவே நற்சான்று. 5 என்பது அடையாளம் ஏற்கப்பட்டும் கோப்புறை உரிமை இல்லாமை. 1219 வந்தால், ஒரே சர்வரோடு வேறொரு பெயரில் முன்னரே இணைப்பு இருக்கிறது என்று பொருள். பழைய இணைப்பை நீக்கிய பின்னரே புதியது ஏற்கப்படும். ‘தவறு எண் 53-லிருந்து 1326-க்கு மாறியது’ என்று ஊழியர் ஒருவர் அறிவித்தால் அது தோல்விச் செய்தியன்று. ஒரு படி முன்னேறியமைக்கு அடையாளம்.

சர்வரின் பக்கத்திலும் சான்று கிடைக்கும். சாம்பாவின் பதிவேட்டில் விவர அளவை 3-ஆக உயர்த்தினால், பழைய பொறி எந்தெந்தக் கிளைமொழிகளை முன்வைத்தது என்பதும், ஒன்றும் ஏற்கப்படவில்லையாயின் அதுவும் வரிவரியாகப் பதிவாகும். சோதனை முடிந்ததும் அவ்வளவைத் தாழ்த்திவிட வேண்டும். இல்லையேல் பதிவேடே வட்டை நிரப்பிவிடும்.

இரண்டாம் பூட்டு

பலர் வழி தவறுவது இவ்விடத்தில்தான். கிளைமொழித் தடை நீங்கிய பின்னும் எக்ஸ்பி உள்ளே போவதில்லை. சரியான கடவுச்சொல்லைத் தட்டினாலும் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். முதற்பூட்டைத் திறந்தவர் அதற்குப் பின்னால் இன்னொரு பூட்டு இருப்பதை அறியாமையால், தாம் செய்த மாற்றமே பயனற்றது என எண்ணிப் பிறவற்றையும் கலைக்கத் தொடங்குவார்.

கடவுச்சொல் கம்பியில் அப்படியே செல்வதில்லை. சர்வர் ஓர் எண்ணை அனுப்பும். கிளையண்ட் அவ்வெண்ணைக் கடவுச்சொல்லோடு சேர்த்துக் கணக்கிட்டு விடையை அனுப்பும். சர்வரும் அதே கணக்கைச் செய்து ஒப்பிடும். இக்கணக்கிற்கு மூன்று முறைகள் வழங்கி வந்தன. மிகப் பழையது ‘லேன் மேனேஜர்’ முறை; அடுத்தது என்.டி.எல்.எம். முதற்பதிப்பு, மூன்றாவது அதன் இரண்டாம் பதிப்பு. முதலிரண்டின் விடைகளைப் பிடித்துவைத்துக் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தல் இன்றைய பொறிகளுக்கு எளிது. எக்ஸ்பி தானாக அனுப்புவன அவ்விரண்டுமே. சாம்பாவோ 2016-இல் வெளியான 4.5 பதிப்பு முதல் அவற்றைத் தானாக ஏற்பதில்லை.

சர்வரின் அமைப்பில் ஒரு வரியை மாற்றிப் பழைய விடைகளையும் ஏற்குமாறு செய்யலாம். பல இடங்களில் செய்யப்படுவதும் இதுவே. இது தவறான பக்கத்தில் செய்யும் மாற்றமாகும். ஒரு பழைய பொறிக்காகச் சர்வரில் உள்ள எல்லோருடைய கடவுச்சொல்லும் தளர்ந்த முறைக்கு இடம்கொடுக்க நேர்கிறது. எக்ஸ்பிக்கு மூன்றாம் முறையும் தெரியும் என்பதே இங்கு நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி. பயன்படுத்துமாறு அதற்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவே. அதன் பாதுகாப்புக் கொள்கைச் சாளரத்தில் ‘லேன் மேனேஜர்’ மெய்ப்பிப்பு நிலை என்னும் வரியைத் திறந்து, என்.டி.எல்.எம். இரண்டாம் பதிப்பு விடையை மட்டும் அனுப்புமாறு அமைத்தால் போதும். எக்ஸ்பியின் ‘ஹோம்’ பதிப்பில் அச்சாளரம் இல்லை, ரெஜிஸ்ட்ரியில் ‘எல்.எம். கம்பாட்டிபிலிட்டி லெவல்’ என்னும் பதிவின் மதிப்பை 3 என மாற்ற வேண்டும். ஒரு பொறியில், ஒரு மாற்றம். சர்வரில் கை வைக்கத் தேவையில்லை.

அப்பொழுதும் மறுக்கப்பட்டால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பழைய பொறிகளின் தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்து, ஒவ்வொரு முறை ஏற்றும்பொழுதும் நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடுவதுண்டு. இரண்டாம் பதிப்பு விடையில் நேரமும் கலந்திருக்கிறது. டொமைன் அமைப்புள்ள அலுவலகங்களிலோ கெர்பரோஸ் முறை ஐந்து நிமிட வேறுபாட்டுக்கு மேல் பொறுப்பதில்லை. சிறு மின்கலம் ஒன்றை மாற்றுவதால் தீரும் கோளாறு, சர்வரை மாற்றுவதால் தீராது.

வெற்றுக் கடவுச்சொல் கொண்ட கணக்கின் பெயரால் வலையமைப்பு வழியே நுழைய விண்டோஸ் இடம் கொடுப்பதில்லை என்பதும், விண்டோஸ் 10 முதலியவற்றில் திரையைத் திறக்கும் ‘பின்’ எண் வலையமைப்பிற்குச் செல்லுபடியாகாது என்பதும் பள்ளிகளில் அடிக்கடி மறக்கப்படுவன.

தலைகீழான நிலை

இதுவரை கூறியது பழைய கிளையண்ட், புதிய சர்வர். இதன் மறுதலையும் இப்பொழுது பெருகிவருகிறது: பொறிகள் புதியன, பெட்டி பழையது. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நாஸ் பெட்டியில் பள்ளியின் பாடப்படங்கள் அனைத்தும் இருக்கின்றன. புதிய விண்டோஸ் அதனைத் திறக்க மறுக்கிறது. இவ்விடத்தில் செய்தியேனும் நேர்மையானது: முதலாம் தலைமுறை எஸ்.எம்.பி. தேவைப்படுகிறது, அது பாதுகாப்பற்றது என்று விண்டோஸ் 10 வெளிப்படையாகவே கூறும். பிழை எண் 384. லினக்ஸ் பொறிகளில் அந்நேர்மை இல்லை. 2017-இல் வந்த 4.13 கெர்னல் முதல், கோப்புறையை இணைக்கும் கட்டளை தானாக முதலாம் தலைமுறையை நாடுவதில்லை. பழைய பெட்டி ஒத்துவராதபொழுது ‘ஹோஸ்ட் இஸ் டவுன்’ எனக் காட்டும். பெட்டி அணைந்துகிடக்கிறது என்று அதற்குப் பொருள். பெட்டியோ ‘பிங்’ செய்தால் உடனே விடையளித்துக்கொண்டிருக்கும்.

விண்டோஸில் முதலாம் தலைமுறையை மீண்டும் சேர்ப்பதற்கு முன், பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும். இரண்டாம் தலைமுறையை அறிந்திருந்தும், உச்ச வரம்பு முதலாவதிலேயே நிறுத்தப்பட்ட பெட்டிகள் பல. வரம்பை உயர்த்தினால் வேலை முடிந்தது. இல்லையேல் அதன் நிலைநிரலைப் புதுப்பிக்க முடியுமா என்று பார்க்கலாம். ஸ்கேன் செய்த தாளை நேரே கோப்புறையில் இடும் நகலெடுப்புப் பொறிகளுக்கும் இதுவே பொருந்தும்.

2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு இன்னொரு தடையைக் கொணர்ந்தது. அதன் புரோ, கல்வி, நிறுவனப் பதிப்புகள் ஒவ்வொரு செய்தியும் ஒப்பமிடப்பட்டிருத்தல் வேண்டும் எனக் கட்டாயப்படுத்துகின்றன. ஒப்பத்திற்கான திறவுகோல் கடவுச்சொல்லிலிருந்து பிறப்பது. கடவுச்சொல்லே இல்லாமல் ‘விருந்தினர்’ என்ற பெயரில் எவரையும் ஏற்கும் பெட்டியிடம் திறவுகோல் ஏது? ஆகவே மறுக்கப்படுகிறது. இதற்கு ஒப்பக் கட்டாயத்தை நீக்குதல் மருந்தன்று. பெட்டியில் கடவுச்சொல்லுடன் ஒரு கணக்கைத் தொடங்கி, மாணவர் பொறிகளில் அக்கணக்கைப் பதிந்துவிட்டால், ஒப்பமிடும் திறனுள்ள பெட்டிகளில் தடை நீங்கும்.

பெயரும் அளவும்

எல்லாப் படிகளையும் கடந்து கோப்புறை திறந்த பின்னரும் சில வியப்புகள் காத்திருக்கும். பதினைந்து எழுத்துகளுக்கு மேற்பட்ட சர்வர் பெயரைப் பழைய பெயரறி முறை ஏற்பதில்லை. லினக்ஸில் பிறந்த கோப்பின் பெயரில் முக்காற்புள்ளியோ வினாக்குறியோ இருந்தால் விண்டோஸ் பொறியில் அது உருமாறித் தெரியும். வட்டு மிகப் பெரிதாயிருந்தால், பழைய மென்பொருள் வெற்றிடத்தை எண்ணிமுடிக்க இயலாமல் ‘இடமில்லை’ என்று கூறிவிடும். வட்டின் அளவைக் குறைத்துக் காட்டும் அமைப்பு இதற்கெனவே சாம்பாவில் உள்ளது.

கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடும் அலுவலகங்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. விண்டோஸ் கோப்புப் பெயரின் நீளத்தைக் குறியீடுகளின் எண்ணிக்கையால் அளக்கிறது. லினக்ஸ் சர்வர்களில் பெருவழக்கான வட்டமைப்புகள் பைட்டுகளால் அளக்கின்றன. வரம்பு 255 பைட்டு. யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு. ‘வணக்கம்’ என்னும் சொல்லில், புள்ளிகளையும் சேர்த்து, ஏழு குறியீடுகள். எனவே 21 பைட்டு. அரசாணையின் தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக வைத்தால், ஏறத்தாழ 85 குறியீடுகளிலேயே வரம்பு தீர்ந்துவிடும். பழைய விண்டோஸ் சர்வரில் நன்றாயிருந்த கோப்புகள் புதிய லினக்ஸ் சர்வருக்கு மாற்றும்பொழுது ஆங்காங்கே மறுக்கப்படுவதற்கு இது ஒரு காரணம். ஆங்கிலப் பெயருள்ளவை சென்று, தமிழ்ப் பெயருள்ளவை மட்டும் நின்றுவிட்டால், எழுத்துருவைக் குறை கூறுமுன் பெயரின் நீளத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழையதை ஒதுக்கி வைத்தல்

இனி, மண் ஆய்வுக்கூடத்துக் கருவிக்குத் திரும்பலாம். எக்ஸ்பியை மாற்ற இயலாது. முதலாம் தலைமுறையன்றி அது பேசாது. அலுவலகச் சர்வரில் மிகத் தாழ்ந்த கிளைமொழியைக் குறைப்பதே எளிய வழியாகத் தோன்றும். ஆனால் சாம்பாவில் இவ்வரி சர்வர் முழுமைக்கும் உரியது. ஒரு கோப்புறைக்கு மட்டும், ஒரு பொறிக்கு மட்டும் எனப் பிரித்துத் தர இயலாது. கருவியின் கோப்புறைக்காகத் திறந்த கதவு, சம்பளப் பட்டியலும் பணியாளர் ஆவணமும் உள்ள கோப்புறைகளுக்கும் திறந்ததாகிவிடும்.

தக்க வழி, இடையில் ஒரு சிறு பொறியை வைத்தலாகும். இரண்டு வலையமைப்பு அட்டைகள் கொண்ட பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றில் லினக்ஸும் சாம்பாவும் நிறுவினால் போதும். ஓர் அட்டையிலிருந்து வரும் கம்பி கருவியின் எக்ஸ்பி பொறிக்கு மட்டும் செல்லும். மற்றோர் அட்டை அலுவலக வலையமைப்பைச் சேரும். இடைப்பொறியின் சாம்பா முதலாம் தலைமுறையை ஏற்கும். ஆனால் கருவியின் பக்கத்து அட்டையில் மட்டுமே செவிசாய்க்குமாறு அதனைக் கட்டிவைக்க வேண்டும். ஓர் அட்டையிலிருந்து மற்றோர் அட்டைக்குச் செய்திகளைக் கடத்தும் வசதி அணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். எக்ஸ்பி தன் அளவுகளை வழக்கம்போல் எழுதும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை இடைப்பொறி அக்கோப்புகளை எடுத்து, மூன்றாம் தலைமுறைக் கிளைமொழியில், மறையாக்கத்துடன், அலுவலகச் சர்வருக்கு அனுப்பும். எக்ஸ்பி பொறி அலுவலகத்தையும் காணாது, இணையத்தையும் காணாது. அங்கிருந்து தீநிரல் எதுவும் நேரே தாவவும் வழியில்லை.

இரண்டு அட்டைகள் கிடைக்காவிடில், சுவிட்சிலேயே ‘வீலான்’ என்னும் தனிப்பிரிவை வகுத்துப் பழைய பொறிகளை அதில் அடைத்து வைக்கலாம். எக்ஸ்பியில் எஃப்.டி.பி. கட்டளை இருப்பதால் எஸ்.எம்.பி.யை விட்டுவிட்டு அவ்வழியே கோப்புகளை இடைப்பொறிக்கு அனுப்பவும் இயலும். கடவுச்சொல் வெளிப்படையாகச் செல்லும் முறையாதலின் தனிக்கம்பியில் மட்டுமே இது பொருந்தும். கருவிக்கெனத் தனி அட்டை கணிப்பொறியினுள் பொருத்தப்படாத இடங்களில், எக்ஸ்பியையே ஒரு புதிய பொறியினுள் மெய்நிகர் பொறியாக ஓட்டலாம். பேனா டிரைவில் நாள்தோறும் எடுத்துச் செல்லுதல் கடைசி வழி. அதனால் தீநிரல்கள் பரவுவதோடு, ஒரு நாள் மறந்தால் அந்நாளின் அளவுகள் எக்ஸ்பியின் பழைய வட்டிலேயே நகலின்றிக் கிடக்கும்.

சர்வரை மாற்றப்போகும் அலுவலகங்கள் இவ்வேலைகளை முன்னரே தொடங்கலாம். பழைய சாம்பா சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே ‘எஸ்.எம்.பி. ஸ்டேட்டஸ்’ என்னும் கட்டளை, இணைந்துள்ள ஒவ்வொரு பொறியும் எக்கிளைமொழியில் பேசுகிறது என்பதைப் பட்டியலிடும், ‘என்.டி.1’ என்று குறித்தவை முதலாம் தலைமுறையினர். விண்டோஸ் சர்வரில் இதற்கென ஒரு தணிக்கை வசதியை இயக்கலாம். முதலாம் தலைமுறையில் வந்து தட்டும் ஒவ்வொரு பொறியும் 3000 என்னும் நிகழ்வெண்ணோடு பதிவாகும். ஒரு நாள் பார்த்தால் போதாது. மாதக் கடைசியில் மட்டும் ஓடும் கணக்குப் பொறியும், வாரம் ஒரு முறை ஸ்கேன் செய்யும் நகலெடுப்புப் பொறியும் பட்டியலில் விழ ஒரு முழு மாதமாவது காத்திருத்தல் நன்று. பின்னர் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, புதுப்பிக்கத்தக்கதா, இடைப்பொறியின் பின்னே செல்லவேண்டியதா, கழித்துவிடத்தக்கதா என்று எழுதிக்கொண்டு, அவ்வேலைகள் முடிந்த பிறகே சர்வரை மாற்றும் சனிக்கிழமையைக் குறிக்கலாம்.